மெய்யாகவே

மூன்றாம் நாள் என்றால் என்னவென்று
எனக்குத் தெரியும்.
சியாத்துரா ஆஸ்பத்திரிப் பிணவறையில்
இருபத்தாறு வருடம் வேலை.
ஜார்ஜியா முழுக்க மின்சாரம் செத்துக்கிடந்த
அந்தப் பழைய குளிர்காலங்களில்
ஜன்னலைத் திறந்துவைத்துப் பனியைக் கும்பிட்டவன்.
பனி இரங்காத வாரங்களில்
மூன்றாம் நாள்
முதலில் அடிவயிற்றில்தான் விடியும்,
பச்சையாய்.

அதனால் ஈஸ்டர் நள்ளிரவில்
பாதிரியார் அம்ப்ரோசி கல்லைப் புரட்டும்போதெல்லாம்
என் மூக்கு எனக்கு முன்னே போய் நிற்கும்.
வேண்டாம், இந்நேரம் நாற்றமெடுத்திருக்கும் என்று
ஒரு குகை வாசலில் தயங்கினாளே ஒருத்தி,
வேதத்தில் அவள் மட்டும்
எனக்குச் சொந்தக்காரி.

ஆனாலும் பாடகர் குழுவில் நான்தான் அடிக்குரல்.
எங்கள் பாட்டுக்கு மூன்று குரல்.
மேலே ஸூராப், நடுவே தபால்கார முர்தாஸ்.
சாவு தோற்றது தோற்றது என்று
அவர்கள் இருவரும் படியேறிப் போக
நான் கீழே ஒற்றை 'அ'வைப் பிடித்தபடி நிற்பேன்,
ஏணியைப் பிடிப்பவன் மாதிரி.
உயிரெழுத்துத்தானே.
அதற்கு நம்பிக்கை வேண்டாம்,
மூச்சிருந்தால் போதும்.

என் தம்பி ஒத்தியாவையும்
நான்தான் கழுவினேன்.
மாங்கனீசுச் சுரங்கத்தின் கறுப்பு
நகக்கண்ணை விட்டு வரவில்லை.
பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
சுண்டுவிரலுக்கு வந்தபோது
வலிக்குமோ என்று
கையை நிறுத்திவிட்டேன்.

இருபத்தாறு வருட வேலைக்காரன்.
அந்த ஒரு நிறுத்தத்தை
எந்தப் பதிவேட்டில் எழுதுவது?
பாதிரியாரிடம் சொல்லவில்லை. சொன்னால்
அதை விசுவாசம் என்று சொல்லிவிடுவார்.
டாக்டரிடமும் சொல்லவில்லை.
தூக்கமில்லை அதனால்தான் என்பார்.
இரண்டு பேருக்கும் கொடுக்காமல்
பாக்கெட்டில் வைத்திருக்கிறேன்.

ஈஸ்டருக்கு மறுநாள்
நாங்கள் செத்தவர்களைப் பார்க்கப் போவோம்.
தம்பி மனைவி ட்சியாலா
தட்டில் முளைக்கவைத்த கோதுமைப் பயிரும்
மஞ்சிட்டி வேரில் சிவந்த முட்டைகளும்
சோடா பாட்டிலில் வைனும் கொண்டுவந்தாள்.
தலைக்கு மேலே சுரங்கத்தின் கம்பிவட வண்டி
காலியாகப் போய்க்கொண்டிருந்தது.
மண்ணுக்குக் கொஞ்சம் வைன் ஊற்றினோம்.
முட்டையைச் சமாதிமேல் உருட்டினாள்.
பிறகு குனிந்து, அக்கம்பக்கத்து வீட்டில் சொல்வதுபோல,
"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றாள்.

இதற்குப் பதில் உண்டு.
கேட்டவர் சொல்லியே ஆகவேண்டும்.
ஒத்தியாவுக்கு 'ம' திக்கும்.
வருடாவருடம் ஈஸ்டர் மேஜையில்
கோப்பையைத் தூக்கிக்கொண்டு
ம், ம், ம் என்று அவன் வாசலிலேயே நிற்க
நாங்கள் எல்லோரும் கோப்பைகளோடு காத்திருப்போம்.
ஒருவரும் எடுத்துக்கொடுக்க மாட்டோம்.
அது அவன் சொல்.

ட்சியாலா நிமிரவில்லை.
காற்று கோதுமைப் பயிரைக் கோதியது.
கல் வாயைத் திறக்குமென்று
அவளும் நினைத்திருக்கமாட்டாள்.
இருந்தாலும் காத்திருந்தாள்.

மெய்யாகவே என்றால்
உண்மையாக என்றா,
உடம்போடு என்றா?
உடம்போடு என்றால் எந்த உடம்போடு?
நகக்கண்ணில் கறுப்பிருக்குமா?
திக்குமா?
திக்காவிட்டால் அவன் என்று எப்படிக் கண்டுகொள்வேன்?

அவள் இன்னும் குனிந்தே இருந்தாள்.
ம், என்றேன்.
ம், ம்.
அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.
கேலி செய்யவில்லை, சத்தியமாக இல்லை.
தொண்டை அந்த வாசலில் நின்றுவிட்டது.
அவள் எடுத்துக்கொடுக்கவில்லை.
"மெய்யாகவே"
என்று முடித்தபோது
யார் குரல் அது என்று
அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
முட்டையை உடைத்து
பெரிய பாதியை எனக்குத் தந்தாள்.
உப்பு கொண்டுவர மறந்திருந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலை.
இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஒருவர் வயதானவர்.
பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.
பிணவறைக் கதவைத் திறக்குமுன்
இப்போதெல்லாம்
தட்டுகிறேன்.